இரும்புக் கயிறா, நைலான் பட்டையா?

பாலாற்று மணலில் ஜீப் புதைந்தால் எதைக் கட்டி இழுப்பது என்று வேலூர் நண்பர்கள் கேட்கிறார்கள்.

விலை: இரும்புக் கயிறு மலிவு. பட்டை கூடுதல்.

உழைப்பு: இரும்பு துருப்பிடிக்கும், இழை பிரிந்து உள்ளங்கையைக் கிழிக்கும். பட்டைக்கு வெயிலும் கூரான கல்லும் ஆகாது.

இழுவை: இரும்பு நீளாது, வெடுக்கென்று இழுத்தால் அதிர்ச்சி முழுக்கக் கொக்கியில் இறங்கும். நைலான் சுமார் 20 சதவீதம் நீண்டு, திரும்பச் சுருங்கும் விசையிலேயே வண்டியை வெளியே கொண்டுவரும்.

எதுவானாலும் மாட்டும் இடம்தான் முக்கியம். டிரெய்லர் பந்தில் (பின்னால் டிரெய்லரை இணைக்கும் உருண்டைக் குமிழில்) மாட்டவே கூடாது, உடைந்தால் குண்டு மாதிரிப் பறக்கும். சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், போல்ட் போட்ட, இழுவைக்கென்றே செய்த கொக்கி வேண்டும். அப்புறம், அறுந்தால் வீசி அடிக்காமலிருக்க, கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கு போட்டு ஆட்களைத் தள்ளி நிறுத்துங்கள்.

மணலுக்கும் சேற்றுக்கும் பட்டை. ஜவ்வாது மலைப் பாறைத் தடத்தில் வின்ச்சால் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளைப் பொறியால்) மெதுவாக இழுக்க இரும்புக் கயிறு.