நாளிதழ் கிரிப்டிக் குறுக்கெழுத்து: ஏமாற்றலாம், ஆனால் நேர்மையாக

‘நகரம் குழம்பினால் பாவிகள் சேரும் இடம் (4)’

ஒரு நாளிதழின் கிரிப்டிக் குறுக்கெழுத்து தேறுமா தேறாதா என்று பார்க்க இப்படி ஒரு குறிப்பு போதும். மேலோட்டமாகப் படித்தால் நகர வாழ்க்கையைப் பற்றிய புலம்பல். உள்ளே இருப்பது சுத்தமான எழுத்துக் கணக்கு. ‘குழம்பினால்’ என்றால் எழுத்துகளைக் கலை என்று பொருள். ந, க, ர, ம் நான்கையும் கலைத்தால் ‘நரகம்’. அடைப்புக்குறிக்குள் இருக்கும் 4, விடையின் எழுத்து எண்ணிக்கை. ‘பாவிகள் சேரும் இடம்’ விடையின் நேர்ப்பொருள். குறிப்பில் ஒரு சொல்கூட வீணில்லை, ஒரு சொல்லும் குறையவில்லை.

சாதாரணக் குறுக்கெழுத்தில் விடை தெரிந்தால் எழுதலாம், தெரியாவிட்டால் விட்டுவிட வேண்டியதுதான். கிரிப்டிக்கில் ஒவ்வொரு விடைக்கும் இரண்டு வழி உண்டு. ஒன்று நேர்ப்பொருள், இன்னொன்று எழுத்துகளைச் சேர்த்தும் குறைத்தும் கட்டிய சொல்விளையாட்டு. இரண்டும் ஒரே சொல்லில் வந்து முடிந்தால் மறுநாள் வரை காத்திருக்கத் தேவையில்லை, விடை சரியென்று அப்போதே தெரிந்துவிடும். இந்த நிச்சயம் வேறெந்தப் புதிரிலும் இவ்வளவு சீக்கிரம் கிடைப்பதில்லை.

நேர்ப்பொருள் குறிப்பின் தொடக்கத்தில் இருக்கும் அல்லது முடிவில் இருக்கும், நடுவில் இருக்காது. அதனால் முதலில் இரு முனைகளையும் தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள். ‘தங்கம் பம்பரத்துக்குள் மறைந்த தூண் (4)’ என்பதில் முடிவிலுள்ள ‘தூண்’தான் பொருள். ‘தங்கம் பம்பர’ என்ற தொடருக்கு நடுவே ‘கம்பம்’ அப்படியே கிடக்கிறது. அந்தக் கம்பத்தையே எடுத்து ‘மலரோடு தூண் சேர நிலநடுக்கம் (5)’ என்று கேட்டால் பூ, கம்பம், ஆக ‘பூகம்பம்’. ‘குரை! திருடன் தலை உள்ளே நுழைகிறது! கனைப்பது எது? (3)’ என்பது எனக்கு மிகவும் பிடித்த வகை. ‘திருடன் தலை’ என்றால் அவன் பெயரின் முதலெழுத்து ‘தி’. அது ‘குரை’க்குள் நுழைந்தால் ‘குதிரை’. நாய், திருடன், இருட்டு என்று மனம் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, விடை லாயத்தில் நிற்கிறது.

‘திரும்பி வந்த சிவா, படி! (2)’ என்ற குறிப்பில் சிவாவைத் திருப்பினால் ‘வாசி’. ‘படி’ என்ற சொல்லுக்கு மாடிப்படி, அளக்கும் படி, வாசிப்பது என்று பல பொருள் இருப்பதுதான் இங்கே பொறி.

தமிழில் 247 எழுத்து இருப்பதால் ஆங்கிலத்தைப் போல நினைத்த மாத்திரத்தில் எழுத்துகளைக் கலைத்து இன்னொரு சொல் செய்துவிட முடியாது. நகரம், நரகம் போன்ற ஜோடிகள் அபூர்வம். எனவே தமிழ்ப் புதிரில் சேர்ப்பதும் நுழைப்பதும் தலையை வெட்டுவதுமே அதிகம் வரும். ‘குழம்பிய’, ‘சிதைந்த’ கண்ணில் பட்டால் கலைப்பு. ‘நடுவே’, ‘சூழ’, ‘விழுங்கிய’ வந்தால் நுழைப்பு. இந்தச் சைகைகள் பழகப் பழகப் பாதி வேலை முடிந்த மாதிரி.

எரிச்சல் எங்கே? முதல் குற்றம், சைகையே இல்லாத குறிப்பு. ‘நகரம் பாவிகள் சேரும் இடம்’ என்று எழுதிவிட்டு ‘நரகம்’ என்று விடை சொன்னால் அது புதிராகாது, யூகிக்கச் சொல்வதாகிவிடும். எழுத்தைக் கலைக்கச் சொல்லி அங்கே யாரும் கேட்கவே இல்லை. ஆஃப்ரிட் என்ற பெயரில் புதிர் அமைத்த ஆங்கிலேயர் 1949இல் இதற்கு ஓர் அளவுகோல் வைத்தார்: புதிராசிரியர் தான் சொல்வதையே நினைத்திருக்க வேண்டியதில்லை, ஆனால் நினைத்ததைச் சொல்லியே ஆக வேண்டும். இந்த அளவுகோலில் தவறும் குறிப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் மதிப்பெண் தரமாட்டேன்.

இரண்டாவது, தமிழுக்கே உரிய சிக்கல். ‘நகரத்தைக் குலைத்தால்’ என்று எழுதிவிட்டால் வேற்றுமை ஏறி ‘ம்’ போய், ‘த்தை’ வந்து நிற்கிறது. கலைக்க வேண்டிய நான்கு எழுத்து குறிப்பில் இல்லை. ‘அதை நகரம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. அது சோம்பேறித்தனம் என்பது என் கருத்து. ‘குழம்பினால்’ போன்ற வினையைப் போட்டால் பெயர் மாறாமல் நிற்குமே! நல்ல புதிராசிரியர்கள் இதற்காகவே வாக்கியத்தைத் திருப்பித் திருப்பி எழுதுகிறார்கள்.

கட்டமும் முக்கியம். ஆங்கில நாளிதழ்களில் வழக்கமான அளவு 15க்கு 15. ஒரு விடையின் எழுத்துகளில் பாதியாவது குறுக்கே போகும் விடைகளால் உறுதிப்பட வேண்டும். அதற்குக் குறைந்தால் மூலையில் ஒரு விடை தெரியாமல் போனாலும் அந்த மூலை முழுக்கப் பூட்டிக்கொள்ளும். தமிழ்க் கட்டத்தில் இன்னொரு சோதனை கைகொடுக்கும். மெய்யெழுத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது. இடமிருந்து வலம் நீங்கள் எழுதிய விடையின் ‘ம்’, மேலிருந்து கீழ் ஒரு சொல் தொடங்கும் கட்டத்தில் விழுந்தால் அந்த விடை தவறு, உடனே அழித்துவிடலாம். ‘ங்’ கிடைத்துவிட்டால் அடுத்தது பெரும்பாலும் க வரிசை. ‘ஞ்’ என்றால் பெரும்பாலும் ச வரிசை.

அச்சுப் பதிப்பின் பெரிய குறை, மறுநாள் விடை மட்டும் வருகிறது, விளக்கம் வருவதில்லை. விடையைப் பார்த்த பிறகும் ஏன் என்று புரியாத குறிப்பு நாள் முழுக்க அரிக்கும். அடைப்புக்குறிக்குள் எழுத்து எண்ணிக்கை தப்பாக அச்சானால் அதைவிட மோசம், அன்றைய புதிரே பாழ். செய்தித்தாளை அழுத்தி அழித்தால் கிழிந்துவிடும் என்பதால் மென்மையான 2பி பென்சில் நல்லது. போனில் போடும் பதிப்பில் அழிக்கும் தொல்லை இல்லை, ஆனால் ‘சரிபார்’ பொத்தான் விரலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதை இரண்டு முறை தட்டிவிட்டால் சொல்விளையாட்டை அவிழ்க்கும் பொறுமை போய்விடும். கலைக்க வேண்டிய எழுத்துகளை ஓரத்தில் வட்டமாக எழுதிப் பார்க்கும் வசதியும் தாளில்தான் உண்டு.

புதிதாகத் தொடங்குபவர்கள் இன்றைய புதிரில் கை வைக்க வேண்டாம். நேற்றைய புதிரையும் இன்று வந்த விடையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குறிப்பிலும் நேர்ப்பொருளுக்கு அடிக்கோடு, சைகைச் சொல்லுக்கு வட்டம், மீதி எழுத்துக்கான சரக்கு. பத்துக் குறிப்பை இப்படிப் பிரித்த பிறகு இன்றைய பக்கத்தைத் திறங்கள்.