ஹெட்லைட் ரிலே கிட்: ரிலே தரம், எர்த் ஒயர் மோசம்

காரின் பழைய ஹெட்லைட் மஞ்சளேறி மங்கிப்போனதால் இரண்டு பக்கமும் புது செட் வாங்கி மாட்டினேன். எச்4 பல்பும் புதிது, டிம் 55 வாட், பிரைட் 60 வாட். கண்ணாடி பளிச்சென்று இருந்ததே தவிர, ரோட்டில் விழும் வெளிச்சம் பழையபடிதான். அப்பாவுக்கு 68 வயது. பொழுது சாய்ந்துவிட்டால் ஸ்டியரிங் பிடிக்கவே தயங்குவார். அவருக்காகத்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

"100 வாட் பல்பு போடுங்க, சரியாயிடும்" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நான் முதலில் மல்டிமீட்டரை எடுத்தேன். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.9 வோல்ட். டிம் எரியும்போதே பல்பின் பின்பக்கம் ஒயர் செருகும் கப்ளரில் வைத்துப் பார்த்தால் 11.6. நடுவில் 2.3 வோல்ட் ஒயரிலும் சுவிட்சிலும் சூடாகப் போய்க்கொண்டிருந்தது. ஹாலஜன் பல்புக்கு வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறையும். அந்தக் கணக்கில் எங்கள் காருக்குக் கிடைத்தது பாதி வெளிச்சம்தான். அந்த ஒயரில் 100 வாட் பல்பைப் போட்டிருந்தால் கப்ளர்தான் உருகியிருக்கும். எதிரே வருகிறவர் கண்ணும் கூசும்.

இரண்டு டிம் பல்பும் சேர்ந்து 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அத்தனையும் ஸ்டியரிங் பக்கத்து சுவிட்ச் வழியாகச் சுற்றி வருகிறது. ரிலே என்பது சின்னக் கரண்டில் இயங்கி, பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச். அதைப் போட்டால் ஸ்டியரிங் பக்கத்து சுவிட்சுக்கு ரிலே காயிலை இயக்கும் வேலை மட்டுமே. அதற்குக் கால் ஆம்பியர்கூட வேண்டாம். பல்புக்கான கரண்ட் பேட்டரியிலிருந்து தடித்த ஒயரில் நேராக வரும். அதனால்தான் ரெடிமேட் ரிலே கிட் ஒன்றை வாங்கினேன்.

நல்லதை முதலில் சொல்கிறேன். பல்பு ஹோல்டர்கள் செராமிக். பிளாஸ்டிக் ஹோல்டர் நாளடைவில் கருகி இளகுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ரிலே இரண்டும் 4 பின், டிக்கென்று சுத்தமாக அடிக்கின்றன. பாசிட்டிவ் ஒயரின் நுனியைச் சீவி, ஒரு இழையைப் பிளேடால் சுரண்டிப் பார்த்தேன். உள்ளே வரைக்கும் செம்பு நிறம். வெள்ளி நிறம் தெரிந்திருந்தால் செம்பு பூசிய அலுமினியம் என்று அர்த்தம்; அன்றே திருப்பி அனுப்பியிருப்பேன்.

குறை எர்த்தில், அதாவது பல்பிலிருந்து கார் பாடிக்குப் போகும் நெகட்டிவ் ஒயரில் இருந்தது. பாசிட்டிவ் பக்கம் தடித்த ஒயர் கொடுத்தவர்கள், எர்த்துக்குப் பாதித் தடிமன்கூட இல்லாத ஒயர் கொடுத்திருக்கிறார்கள். போகிற கரண்ட் அத்தனையும் எர்த் வழியாகத்தானே திரும்ப வேண்டும்? இடது பக்க ஒயரின் வளையத்தைப் பிடித்து லேசாக இழுத்தேன். வளையம் ஒரு கையில், ஒயர் மறு கையில். வளையத்தை ஒயரோடு அழுத்தி கிரிம்ப் செய்த இடத்தைப் பார்த்தால் நாலைந்து இழைதான் கடிபட்டிருந்தது. மீதி இழைகள் மடங்கி வெளியே கிடந்தன. மாட்டிய பிறகு ஓடும் வண்டியில் கழன்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபோது கோபம்தான் வந்தது.

இரண்டு எர்த்தையும் வெட்டிப்போட்டு 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டேன். புது வளையத்தை அழுத்தி, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் ஏற்றினேன். பாடியில் திருகும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி இரும்பு தெரிந்த பிறகே போல்ட்டை முடுக்கி, துரு ஏறாமலிருக்க மேலே கிரீஸ் தடவினேன். கிட்டின் எர்த்தோடு அளந்தபோது பல்பில் 12.9 இருந்தது, மாற்றிய பிறகு 13.5.

ஃப்யூஸ் விஷயத்திலும் எனக்குத் திருப்தி இல்லை. பேட்டரியிலிருந்து இரண்டடி தள்ளி ஒரே ஒரு 30 ஆம்பியர் ஃப்யூஸ். அந்த இரண்டடிக்குள் ஒயர் எங்காவது உரசி பாடியில் பட்டால் தடுக்க ஒன்றுமில்லை. ஒரே ஃப்யூஸ் என்பதால் அது போனால் முன்னால் மொத்தமும் இருட்டு. பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என 15 ஆம்பியரில் இரண்டாகப் பிரித்தேன். ஒன்று போனாலும் மற்றது வைத்து வீடு வந்து சேரலாம்.

மாட்டுவது கஷ்டமில்லை. முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். ஒரு பக்கத்துப் பழைய கப்ளரை கிட்டில் செருகினால் ரிலேவுக்கு சிக்னல் வந்துவிடும். மறுபக்கத்துக் கப்ளர் சும்மா தொங்கும். தண்ணீர் போகாமல் சுற்றிக் கட்டிவிடுங்கள். ரிலேவின் பின்கள் கீழே பார்த்தபடி நிற்க வேண்டும். ரிலேவை மாற்ற நேர்ந்தால் 30, 85, 86, 87 என்று நான்கு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். நடுவில் 87ஏ உள்ள 5 பின் ரிலே வேறு வகை. ஒயரை அந்த நடுப் பின்னில் கொடுத்துவிட்டால் சுவிட்ச் அணைந்திருக்கும்போது லைட் எரியும்.

அன்று இரவு அப்பாவை ஓட்டச் சொன்னேன். டிம்மிலேயே ரோட்டோரத்து வெள்ளைக் கோடு தெளிவாகத் தெரிந்தது. வளைவு வந்தபோது வழக்கம்போல் முன்னால் குனியாமல், சீட்டில் சாய்ந்தபடியே திருப்பினார்.

எர்த்தையும் ஃப்யூஸையும் மாற்றக் கையில் கருவியும் அரை நாளும் இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். பெட்டியைப் பிரித்து அப்படியே மாட்ட நினைப்பவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். இரண்டு வகைக் காருக்கு இது சரிப்படாது. சில கார்களில் ஹெட்லைட் சுவிட்ச் பாசிட்டிவை விட்டு எர்த்தைத்தான் வெட்டும். பல்பின் பொதுப் பின்னில் எப்போதும் 12 வோல்ட் காட்டினால் உங்களுடையது அந்த வகை, அதற்கென்று தனி கிட் உண்டு. பல்பு எரிகிறதா என்று கம்ப்யூட்டரே கண்காணிக்கும் புதிய கார்களில் வார்னிங் லைட் வரும், ரிலேவும் படபடவென்று அடித்துக்கொள்ளும்.