கூடார அடுப்புக்கு மாங்கட்டையா, வேலிக்காத்தானா?

கிருஷ்ணகிரி மாவட்டம் தளி பக்கம் நண்பரின் தோட்டத்தில் மார்கழி ராத்திரிகளைக் கூடாரத்தில் கழிப்பது எனக்கு மூன்று வருடப் பழக்கம். உள்ளே ஒரு சின்னத் தகர விறகு அடுப்பு, கூரை வழியாக மேலே போகும் மெல்லிய புகைக்குழாய். அந்த ஊருக்குக் குட்டி இங்கிலாந்து என்று சும்மாவா பெயர் வைத்தார்கள், விடியற்காலையில் பல் தந்தியடிக்கும். முதல் வருடம் மாங்கட்டை எரித்தேன். இப்போது வேலிக்காத்தான், அதாவது சீமைக்கருவேலம்.

பற்றவைக்கிற சுலபத்தில் மாங்கட்டைதான். கிருஷ்ணகிரிப் பக்கம் பழைய பெங்களூரா மாமரங்களை வெட்டுவதால் விறகும் கைக்கெட்டும். வேலிக்காத்தான் அவ்வளவு சீக்கிரம் பிடிக்காது, முள் வேறு. பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிட வேண்டும், காய்ந்தபின் கோடாலி துள்ளும்.

அப்படியும் நான் மாறியதற்குக் காரணம் குழாய். மாங்கட்டை லேசான மரம், மளமளவென்று எரிந்து தீர்ந்துவிடும். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து கட்டை போட யாருக்குப் பொறுமை? காற்றுத் துவாரத்தை மூடி மெதுவாக எரியவிட்டேன். அதுதான் வினை. காற்றில்லாத நெருப்பு புகையும், அந்தப் புகை குளிர்ந்த குழாயில் தாராகப் படியும். என் கட்டைகளில் ஈரமும் பாக்கி இருந்தது. நான்காம் ராத்திரி, குழாய் உச்சியில் இருக்கும் பொறித் தடுப்பு வலை அடைத்துக்கொண்டு புகை மொத்தமும் உள்ளே திரும்பியது. கண்ணைக் கசக்கிக்கொண்டு போர்வையோடு வெளியே ஓடினேன். காலையில் குழாயைக் கழற்றித் தட்டினால் செய்தித்தாள் நிறையக் கருஞ்செதில். ஒட்டியிருந்த பிசினைச் சுரண்ட அரைநாள் போனது. அந்தத் தாரில் தீப்பிடித்திருந்தால் கூடாரமே மிஞ்சியிருக்காது.

வேலிக்காத்தான் கெட்டி மரம். துவாரம் பாதி திறந்திருந்தாலும் கங்கு நின்று கனலும். இப்போது பத்து நாளுக்கு ஒருமுறை குழாயைத் தட்டினால் உலர்ந்த கரித்தூள்தான் கொட்டுகிறது. ஆனால் அடுப்பை நிரப்பக் கூடாது, தகரம் சிவந்து நெளியும். என் அடுப்பின் ஒரு பக்கம் அப்படித்தான் வளைந்து கிடக்கிறது.

நியாயமாகச் சொன்னால், மாங்கட்டையைப் பிளந்து ஒரு கோடை முழுக்கக் காயவைத்திருந்தால் தார் நிறையவே குறைந்திருக்கும். இரண்டு கட்டைகளை மோதிப் பாருங்கள். 'டங்' என்றால் காய்ந்தது, 'பொத்' என்றால் ஈரம்.

சரி, இப்போது என் அடுக்கு இது: அடியில் மணிக்கட்டுப் பருமனில் வேலிக்காத்தான் இரண்டு, அதன்மேல் விரல் பருமனில் மாஞ்சிராய், உச்சியில் கற்பூரம். தீ மேலிருந்து கீழே இறங்கும். குழாய் முதலிலேயே சூடாகிவிடுவதால் புகை திரும்பாது. எந்தக் கட்டையானாலும் கூடாரத்தின் காற்றுவழியை மட்டும் மூடிவிடாதீர்கள். புகையே இல்லாத கங்கிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு வாசனையும் கிடையாது.

புளியங்கட்டையை வத்தல்மலைக்குப் போனபோது இரண்டு ராத்திரிதான் எரித்தேன். சூட்டில் வேலிக்காத்தானுக்குக் குறைவில்லை என்றுதான் பட்டது. ஆனால் முறுக்கேறிய மரம், பிளப்பதற்குள் கோடாலிக் காம்பு உடைந்தது. மூன்றாம் ராத்திரிக்குக் கட்டை இல்லை.