புகையான் எதிர்ப்பு மரபணுவைத் தேட எந்தத் தளம்?

சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நெல் போடுகிறவர்களுக்குப் புகையான் பூச்சியைத் தெரியும். தூரில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும், பயிர் வட்டம் வட்டமாகக் காய்ந்துவிடும். அதைத் தாங்கும் பிடிபி 33 நம் பாலக்காட்டுப் பட்டாம்பி நிலையத்து ரகம். அதிலிருந்து பிரித்தறிந்த பிபிஹெச் 32 என்ற புகையான் எதிர்ப்பு மரபணு 6ஆம் குரோமோசோமில் இருக்கிறது. இதற்கு மற்ற புல்லினங்களில் சொந்தம் உண்டா என்று பார்க்க எங்கே போவது?

என் ஓட்டு முதலில் என்சம்பிள் பிளான்ட்ஸ் என்ற தாவர மரபணுத் தளத்துக்கு. கணக்குத் தொடங்காமலே தேடலாம், தரவை இறக்கலாம். பயிர் நெல்லோடு ரூஃபிபோகன், நிவாரா முதலான காட்டு நெல்களும் அங்கே உண்டு. புகையான் எதிர்ப்பு மரபணுக்களில் சில காட்டு நெல்லிலிருந்தே வந்தவை என்பதால் இது லேசான விஷயமில்லை. மரபணுவின் வம்சாவளியைக் காட்டும் மரபணு மரத்தைத் திறந்தால் சிவப்புக் கணு மரபணு இரட்டித்த இடம், நீலக் கணு இனங்கள் பிரிந்த இடம். எது உண்மையான இணை (வேறு இனத்தில் உள்ள அதே மரபணு), எது நகல் என்பது பார்த்தவுடன் பிடிபடும்.

அடுத்த தளம் பைட்டோசோம், அமெரிக்க எரிசக்தித் துறையின் ஜேஜிஐ என்ற மரபணு ஆய்வு நிறுவனம் நடத்துவது. கேழ்வரகு, தினை வேண்டுமென்றால் அங்கே போகலாம். மொத்தமாக இறக்கப் பதிவு செய்ய வேண்டும், இலவசம்தான். சில ஜீனோம்களை (ஓர் உயிரின் முழு மரபணுத் தொகுப்பு) ஆய்வுக் கட்டுரையில் பயன்படுத்தக் கட்டுப்பாடு இருக்கும், அதை முதலிலேயே படித்துவிடுங்கள்.

மூன்றாவது தளமான பெல்ஜியத்துப் பிளாசாவில் புதுப் பதிப்பு வர வருடங்கள் ஆகும். ஆனால் ஓர் இணையை மரம், குடும்பம், நெருங்கிய ஒற்றுமை, குரோமோசோமில் அடுத்தடுத்து நிற்கும் வரிசை என்று பல சாட்சிகளை வைத்துச் சோதிப்பது இதுதான். ஒரே சாட்சியை நம்பிக் கட்டுரை எழுத மனமில்லாதவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

தளம் மாறும்போது பெயரில் கவனம் வேண்டும். என்சம்பிளில் ஓஎஸ்01ஜி0100100 என்று இருப்பது பைட்டோசோமில் லாக்_ஓஎஸ்01ஜி01010. எண்ணை அப்படியே ஒட்டித் தேடினால் ஒன்றும் வராது. ராப்-டிபி என்ற நெல் மரபணுத் தளத்தில் பெயரை மாற்றித் தரும் கருவி இருக்கிறது.

அப்புறம், இந்தத் தளங்களில் நெல் என்றால் பெரும்பாலும் ஜப்பானிய நிப்பான்பாரே ரகம். அதில் இல்லாதது பிடிபி 33இல் இருக்கலாம். சொந்தமாக வரிசைப்படுத்திய ஜீனோம் கையில் இருந்தால் கோஜி என்ற ஒப்பீட்டுத் தளத்தில் ஏற்றி, அங்குள்ள சின்மேப் கருவியில் நிப்பான்பாரேயோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏற்றும்போதே தனிப்பட்டது என்று குறித்துவிடுங்கள்.