எம்ஐடியா, ஜிபிஎல்லா?

நாகர்கோவில் வடசேரி பஸ் நேரங்களைக் காட்டும் செயலியை நாலு மாணவர்கள் சேர்ந்து எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எந்த உரிமத்தில், அதாவது மற்றவர்கள் உங்கள் நிரலை எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் எந்த விதிகளின் கீழ், வெளியிடுவது? பலரும் எடுப்பது எம்ஐடி (MIT) அல்லது ஜிபிஎல் (GPL).

எம்ஐடி உரிமம் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் நீக்காமல் வைத்தால் போதும். யாரும் எடுத்து, மூல நிரலை (நீங்கள் எழுதிய, மனிதர் படிக்கக்கூடிய வடிவத்தை) காட்டாமலே விற்கலாம்.

ஜிபிஎல் அப்படி விடாது. மாற்றி வெளியிடுபவர் மூல நிரலையும் அதே உரிமத்தில் தர வேண்டும். உங்கள் உழைப்பை ஒரு கம்பெனி சத்தமில்லாமல் அமுக்கிக்கொள்ள முடியாது. ஆனால் ஐபோன் செயலிகளுக்கான ஆப்பிளின் ஆப் ஸ்டோரில் சிக்கல் வரலாம்: 2011இல் விஎல்சி என்ற வீடியோ பிளேயர் அங்கிருந்து நீக்கப்பட்டது இந்த உரிமத் தகராறில்தான். ஆண்ட்ராய்டு மட்டும் போதும் என்றால் நான் ஜிபிஎல் பக்கம்.

அப்புறம், ஏற்கெனவே ஜிபிஎல் நிரல் எதையாவது உள்ளே சேர்த்திருந்தால் தேர்வுக்கே இடமில்லை. முழுச் செயலியையும் அதிலேயே வெளியிட வேண்டும்.