டி லா சோல் குழுவின் முதல் ஆல்பம்: எதைக் கேட்கலாம், எதைத் தாண்டலாம், எந்தப் பதிப்பை வாங்கலாம்

'ஹிப்பி ராப்' என்று 1989-லேயே இந்த ஆல்பத்துக்கு ஒரு பெயரை ஒட்டிவிட்டார்கள்; இன்றுவரை அது உரியவில்லை. மஞ்சள் அட்டை, பளிச்சென்ற நிறத்தில் பூக்கள், நடுவில் மூன்று முகங்கள். பார்த்ததுமே அன்பு, சமாதானம் என்று மனம் முடிவு கட்டிவிடும். அமெரிக்க ராப் குழுவான டி லா சோலின் '3 ஃபீட் ஹை அண்ட் ரைசிங்' ஆல்பத்தை அந்த நினைப்போடு போட்டால் குழப்பம்தான் மிஞ்சும். போதைக்கு அடிமையான தாய்க்குப் பிறந்த குழந்தை இதில் வருகிறது. தங்கள் வரிகளைத் திருடுகிற ராப்பர்கள் மேல் எரிச்சல் வருகிறது. சோப்புப் போட்டுக் குளிக்கச் சொல்லும் கேலி வருகிறது. பள்ளிக்கூடப் பையன்களின் அசட்டு ஆபாசமும் வருகிறது. சமாதானத்தைத்தான் தேட வேண்டும்.

பாஸ்டனூஸ், ட்ரூகாய், மேசியோ மூவரும் நியூயார்க்குக்குக் கிழக்கே லாங் ஐலண்டில் இருக்கும் அமிட்டிவில் ஊர்க்காரர்கள். ஆல்பம் வந்தபோது இருபதை ஒட்டிய வயது. அதே ஊர்க்காரரான பிரின்ஸ் பால் அப்போது ஸ்டெட்சாசோனிக் குழுவின் டிஜே. அவர்தான் தயாரிப்பாளர். டாமி பாய் நிறுவனம் 1989 மார்ச்சில் வெளியிட்டது. அதற்குக் கொஞ்ச காலம் முன்புதான் பப்ளிக் எனிமியின் இரண்டாவது ஆல்பமும் என்.டபிள்யூ.ஏ.யின் 'ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்' ஆல்பமும் வந்திருந்தன. ஒன்று அரசியல் முழக்கம், இன்னொன்று தெருவின் கோபம். இரண்டுமே பெரிய ஆல்பங்கள். ஆனால் அவற்றைப் பார்த்து வந்த கூட்டத்துக்குக் குரலை உயர்த்துவதும் கழுத்தில் தங்கச் சங்கிலி போடுவதும் மட்டுமே ராப் என்றாகிவிட்டது.

இதற்கு மாற்று என்றால் பலரும் நினைப்பது நல்லுபதேச ராப்: குடிக்காதே, அடிக்காதே, படி. டி லா சோல் அந்தப் பக்கமே போகவில்லை. ராப்பர் யாராக இருக்கலாம், எந்த இசைத்தட்டிலிருந்து எடுக்கலாம், எதைப் பற்றிப் பாடலாம் என்ற மூன்று வேலிகளையும் பிடுங்கிப் போட்டார்கள். அறிவுரை சொல்ல வேண்டிய இடத்தில்கூடக் குரல் உயராது.

அதற்கு நல்ல உதாரணம் 14-வது பாட்டு, 'சே நோ கோ'. கிராக் போதை அமெரிக்க நகரங்களைச் சூறையாடிக்கொண்டிருந்த நேரம். ஹால் அண்ட் ஓட்ஸ் 1981-ல் பாடிய ஒரு வழவழப்பான பாப் பாட்டின் தாளத்தையும் குரலையும் எடுத்து அடியில் ஓடவிட்டிருக்கிறார்கள். மேலே பாஸ்டனூஸ் கதை சொல்கிறார்: பிரசவ அறையிலேயே அந்தக் குழந்தைக்குப் பேச்சு வந்திருந்தால், நர்ஸிடம் அது முதலில் கேட்டிருப்பது போதைப்பொருளைத்தான். இதை அவர் சொல்லும் தொனியைக் கவனியுங்கள். சோகம் கூட்டவில்லை, மிரட்டவில்லை, அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். கீழே பீட் ஆட வைக்கிறது, மேலே வார்த்தை வயிற்றைப் பிசைகிறது. 7-வது பாட்டான 'கெட்டோ தாங்'கும் இந்த ரகம்தான். வறுமை எப்படிச் சுற்றிச் சுற்றி அதே வீட்டுக்குத் திரும்பி வருகிறது என்று சொல்கிறார்கள். யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில்லை. 'ட்ரெட் வாட்டர்' பாட்டில் பஞ்சதந்திரக் கதை மாதிரி முதலை, அணில், மீன், குரங்கு எல்லாம் வந்து பேசுகின்றன. ஆல்பத்தில் நேரடியாகப் புத்தி சொல்லும் பாட்டு இது ஒன்றுதான். அதையும் மிருகங்களின் வாயில் போட்டுத் தப்பித்துக்கொண்டார்கள்.

'மீ மைசெல்ஃப் அண்ட் ஐ' (20) எல்லோருக்கும் தெரிந்த பாட்டு. ஃபங்கடெலிக் குழுவின் 1979-ஆம் வருடத்துப் பாட்டிலிருந்து எடுத்த அந்த சின்தசைசர் நெளிவு தொடங்கியதுமே அடையாளம் தெரிந்துவிடும். உடையை வைத்து எங்களை எடை போடாதே என்பதுதான் விஷயம். பில்போர்டின் கறுப்பின இசைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஆல்பத்தில் மிக நேரான, மிக எளிய பாட்டும் இதுதான். ஹிட் ஆனதில் ஆச்சரியம் இல்லை. இதை மட்டும் கேட்டுவிட்டு ஆல்பத்தைப் புரிந்துகொண்டதாக நினைத்தால்தான் வம்பு.

இனி தொழில்நுட்பம். இந்த ஆல்பத்தின் மதிப்பில் பாதி அங்கேதான் இருக்கிறது. 'ஐ நோ' பாட்டை (9) ஹெட்போனில் போட்டு அடுக்கு அடுக்காகப் பிரித்துக் கேளுங்கள். பல்லவியில் வரும் குரல் ஸ்டீலி டான் குழு 1977-ல் வெளியிட்ட 'பெக்' பாட்டிலிருந்து வந்தது. நடுவே கேட்கும் விசில், ஓடிஸ் ரெடிங்கின் 'டாக் ஆஃப் தி பே' பாட்டின் கடைசியில் வரும் அதே விசில். ஊதுகருவிகள் மேட் லாட்ஸ் என்ற மெம்ஃபிஸ் குழுவின் பாட்டிலிருந்து வந்தவை. மூன்றும் வெவ்வேறு பதிவு, வெவ்வேறு வேகம், வெவ்வேறு சுருதி. பழைய பதிவிலிருந்து ஒரு துண்டை (சாம்ப்பிள்) எடுத்துத் திரும்ப ஒலிக்கவைக்கும் கருவிதான் சாம்ப்ளர். அன்றைய சாம்ப்ளர்களில் வேகத்தைக் கூட்டினால் சுருதியும் சேர்ந்து ஏறும், குறைத்தால் சேர்ந்து இறங்கும். தாளம் பொருந்தினால் சுருதி விலகும், சுருதி பொருந்தினால் தாளம் விலகும். சுருதியை மட்டும் தனியே நகர்த்த ஹார்மனைசர் போன்ற கருவி வேண்டும். அந்தக் காலத்தின் பேர்போன இயந்திரமான எஸ்பி-1200-ல் மொத்தமே பத்து வினாடி ஒலியைத்தான் வைக்க முடியும். இன்று லேப்டாப்பில் இரண்டு கிளிக்கில் முடிகிற காரியம் இது. அன்று காதை மட்டும் நம்பிப் பொருத்தியிருக்கிறார்கள். எங்கேயும் சுருதி பிசகவில்லை.

சாம்ப்பிள் எடுத்த இடங்களே ஒரு அறிக்கை மாதிரிதான். அப்போது எல்லோரும் ஜேம்ஸ் பிரவுன் டிரம்மையே திரும்பத் திரும்ப வெட்டிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் ஜானி கேஷிடம் போனார்கள். ஆல்பத்தின் தலைப்பே அவருடைய 1959 வெள்ளப் பாட்டிலிருந்து வந்ததுதான், 'தி மேஜிக் நம்பர்' (2) பாட்டில் அவர் குரலும் கேட்கும். அந்தப் பாட்டின் பல்லவி, குழந்தைகளுக்குப் பெருக்கல் சொல்லித்தர 1970-களில் டிவியில் ஓடிய கார்ட்டூன் பாட்டு. 'பாட்ஹோல்ஸ் இன் மை லான்' (13) பாட்டில் பார்லியமென்ட் குழுவின் 1970 பதிவிலிருந்து எடுத்த யோடல் (சட்டென்று மேலேறி இறங்கும்) குரலோடு டொய்ங் டொய்ங் என்று ஒரு சத்தம் வரும். நம் கச்சேரி மோர்சிங்கின் மேற்கத்தியப் பங்காளி அது. ராப்பில் மோர்சிங் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். இங்கே அதுதான் பாட்டையே தூக்கி நிறுத்துகிறது.

இப்போது குறைகள். ஆல்பம் 24 துண்டுகள், சுமார் 67 நிமிடம். இருபது நிமிடத்தை வெட்டியிருந்தாலும் ஒன்றும் குடி முழுகியிருக்காது. டிவி வினாடி வினா போல ஒரு நாடகம் தொடக்கத்திலும் இடையிடையிலும் வந்துகொண்டே இருக்கும். போட்டியாளர்களிடம் அபத்தமான கேள்விகள்: ஒரு கோழிக்கு எத்தனை இறகு, பேட்மேன் காருக்கு எத்தனை தடவை டயர் பஞ்சர் ஆனது. பின்னால் எத்தனையோ ராப் ஆல்பங்கள் பாட்டுக்கு நடுவே இப்படி நாடகத் துண்டு போட இதுதான் வழிகாட்டி. முதல் தடவை சிரிப்பு வரும். மூன்றாவது தடவை கை தானாக அடுத்த பாட்டுக்குப் போகும். 'டி லா ஆர்ஜி' வெறும் முனகல் ஜோக், தாண்டிவிடலாம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் கட்டாயம் தாண்டிவிடுங்கள். 'டேக் இட் ஆஃப்' அக்கால ஃபேஷன்களைக் கழற்றச் சொல்லும் நீண்ட பட்டியல், அவ்வளவுதான்.

சிந்தனையுள்ள ராப் என்று இதைத் தூக்கிப் பிடிப்பவர்கள் கண்டுகொள்ளாத விஷயம் ஒன்று உண்டு. 'ஜெனிஃபா டாட் மீ', 'படி' (Buddy) இரண்டிலும் பெண் என்பவள் பையன்களின் பேச்சுக்குப் பொருள் மட்டுமே. வசவு இல்லை, வன்முறை இல்லை, மற்றவர்களோடு ஒப்பிட்டால் நாகரிகம்தான். ஆனாலும் போதையையும் வறுமையையும் அவ்வளவு கூர்மையாகப் பார்த்தவர்கள் இங்கே விடலைத்தனத்தைத் தாண்டவில்லை. 'படி' (18) பாட்டை இசைக்காகக் கேட்கலாம். ஜங்கிள் பிரதர்ஸ் குழுவும், எ ட்ரைப் கால்ட் குவெஸ்ட் குழுவின் க்யூ-டிப்பும் வந்து பாடுகிறார்கள். அவருடைய குழுவின் முதல் ஆல்பம் வருவதற்கு முந்தைய வருடம் இது.

இன்னொரு சிக்கல் புரிதல். 'பிளக் ட்யூனின்' (16) பாட்டில் வார்த்தைகளை வேண்டுமென்றே வழக்கமான இலக்கணத்திலிருந்து விலக்கிக் கோத்திருக்கிறார்கள். தங்களுக்குள் மட்டும் புழங்கிய சொற்களும் ஏராளம். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கும் முதல் தடவையில் பாதிதான் பிடிபடும். வரிகளைத் திரையில் வைத்துக்கொண்டு ஒரு முறை படித்துவிட்டு, அப்புறம் திரையை மூடிவிட்டுக் கேட்பது நல்லது. படித்துக்கொண்டே கேட்டால் தாளத்துக்கு முன்னும் பின்னும் அவர்கள் சொற்களைத் தள்ளி வைக்கும் விளையாட்டு காதில் விழாமல் போய்விடும்.

புதிதாகக் கேட்பவர்களுக்கு வரிசை: 2, 9, 13, 14, 7, 16, 20. இந்த ஏழும் பிடித்திருந்தால் முழு ஆல்பத்துக்குப் போகலாம். ஸ்ட்ரீமிங் ஆப்பில் கேட்பவர்கள் ஷஃபிளையும், ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் கிராஸ்ஃபேடையும் அணைத்துவிடுங்கள். துண்டுகள் சிறியவை, ஒன்றன் வால் இன்னொன்றன் தலையில் இடிக்கும். கிராஸ்ஃபேட் இருந்தால் வினாடி வினாக் கேள்வி பாதியில் கரைந்துபோகும். பழைய இசைத்தட்டிலிருந்து எடுத்த இரைச்சலும் கரகரப்பும் பாட்டின் பகுதிதான், உங்கள் ஸ்பீக்கரைச் சந்தேகிக்க வேண்டாம்.

ஸ்ட்ரீமிங்கில் இந்த ஆல்பம் வந்ததே 2023 மார்ச் 3 அன்றுதான். 34 வருடம் ஆனதற்குக் காரணம் அதே சாம்ப்பிள்கள். 1989-ல் போட்ட ஒப்பந்தங்கள் இசைத்தட்டையும் கேசட்டையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை, டிஜிட்டல் உரிமை அவற்றில் தெளிவாக இல்லை. போதாக்குறைக்கு ஒரு வழக்கும் இருந்தது. 'டிரான்ஸ்மிட்டிங் லைவ் ஃப்ரம் மார்ஸ்' (8) ஒரு நிமிடத்தைக் கொஞ்சம் தாண்டும் துண்டு. டர்ட்டில்ஸ் குழுவின் பழைய பாட்டு ஒன்றை மெதுவாக்கி, அதன்மேல் பிரெஞ்சு கற்றுத்தரும் இசைத்தட்டை ஓடவிட்டிருக்கிறார்கள். அனுமதி வாங்கவில்லை. டர்ட்டில்ஸ்காரர்கள் வழக்குப் போட, நீதிமன்றத்துக்கு வெளியே பணம் கொடுத்து முடித்தார்கள். 1991 டிசம்பரில் பிஸ் மார்க்கி என்ற ராப்பர் மீதான வேறொரு வழக்கில் தீர்ப்பு வந்தது. அனுமதி இல்லாத சாம்ப்பிள் திருட்டு என்று நீதிபதி சொல்லிவிட்டார். அதன்பிறகு ஒரே பாட்டில் நாலைந்து சாம்ப்பிள்களை அடுக்குவது பெரிய பணக்காரர்களுக்கு மட்டுமே கட்டுப்படியாகும் வேலையானது. இப்படி இன்னொரு ஆல்பம் வராமல் போனதற்குத் திறமைக் குறைவு காரணம் இல்லை, கணக்குப் புத்தகம்தான் காரணம்.

2014-ல் காதலர் தினத்தன்று குழுவே தங்கள் ஆல்பங்களை 25 மணி நேரம் இலவசமாக அள்ளிக் கொடுத்தது. 2021-ல் டாமி பாய் நிறுவனத்தை ரிசர்வாயர் என்ற இசை நிறுவனம் வாங்கிய பிறகுதான் உரிமைச் சிக்கல்கள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. ட்ரூகாய் அந்த வெளியீட்டைப் பார்க்கவில்லை. 2023 பிப்ரவரி 12 அன்று, மூன்று வாரம்கூட மீதி இல்லாதபோது, காலமானார்.

எதை வாங்குவது? 1989-ஆம் வருடத்து முதல் எல்பி (வினைல் இசைத்தட்டு) சேகரிப்பவர்களுக்கு மட்டும். ஒரு எல்பி பக்கத்தில் இருபது நிமிடம் சொச்சம் இருந்தால் தடங்களை அகலமாக வெட்டலாம், பாஸ் என்னும் தாழ்ந்த ஒலியும் சத்தமும் நன்றாகப் பதியும். இதில் ஒரே தட்டில் மொத்தத்தையும் திணித்ததால் பக்கத்துக்கு அரை மணி நேரத்துக்கு மேல் போகிறது. தடம் நெருங்கி, பாஸ் மெலிந்து, சத்தம் குறைந்துவிடும். பக்கத்தின் கடைசிப் பாட்டுகள் உள்வட்டத்தில் வருவதால் 'ஸ' ஒலிகள் சிதறும். முள் தேய்ந்திருந்தால் இன்னும் மோசம். பழைய பிரதி வாங்கும்போது அட்டையின் பளபளப்பைப் பார்த்து ஏமாறாமல் ஒவ்வொரு பக்கத்தின் கடைசி ஐந்து நிமிடத்தைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். வினைல்தான் வேண்டும் என்றால் 2023-ல் வந்த இரட்டை எல்பி சரி. நாலு பக்கமாகப் பிரித்ததால் டிரம் அடி நெஞ்சில் விழுகிறது. அந்த மறுவெளியீட்டில் உரிமைக்காகச் சில இடங்களைத் தொட்டிருக்கிறார்கள். 1989-ல் கேட்டது அப்படியே வேண்டும் என்பவர்களுக்குப் பழைய சிடி போதும். விலையும் எல்பியைவிடக் குறைவு. ஆனால் அன்றைய சிடிக்களின் ஒலி அளவு இன்றையதைவிடத் தாழ்வு. இப்போதைய ராப் ஆல்பம் ஒன்றுக்கு அடுத்து போட்டால் பாதி சத்தத்தில் ஓடுவது போலிருக்கும். பாஸ் பூஸ்ட் பக்கம் போக வேண்டாம், வால்யூமைக் கூட்டினாலே போதும்.