ஸ்டிக்கருக்குக் கீழே இருந்த தேதி

கிருஷ்ணகிரியில் பரிசுப்பொருளும் பேக்கரிப் பண்டங்களும் விற்கும் சிறிய கடை ஒன்றை ஒன்பது ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். கடந்த டிசம்பரில் வெளிநாட்டுச் சாக்லேட் வாங்கியதில் 84,600 ரூபாய் இழந்தேன். என்னை நம்பி வந்தவர்களின் கையில் காலாவதியான பண்டத்தைக் கொடுத்துவிட்டேன் என்பது அந்தப் பணத்தைவிட அதிகமாக உறுத்துகிறது. எனக்கு அதை விற்ற ஆள் இப்போது தருமபுரி, பாலக்கோடு பக்கத்துக் கடைகளையும் அணுகுவதாக அறிந்ததால் நடந்ததை எழுதுகிறேன்.

வளைகுடா நாடுகளில் வேலை செய்பவர்கள் விடுமுறைக்கு வரும்போது கொண்டுவரும் சாக்லேட்டைச் சுவைத்துப் பழகிய குடும்பங்கள் இங்கே நிறைய உண்டு. அதே வகை கிடைக்குமா என்று கேட்டுக் கடைக்கு வருவார்கள். புத்தாண்டுக்கும் பொங்கலுக்கும் சரக்கு தேடிக்கொண்டிருந்தபோது, தாமே நேரடி இறக்குமதியாளர் என்று சொல்லிக்கொண்ட பெங்களூர் விநியோகஸ்தர் ஒருவர் வாட்ஸ்அப்பில் விலைப்பட்டியல் அனுப்பினார். சென்னை மொத்த வியாபாரிகள் சொல்லும் விலையில் முக்கால் பங்குதான் இருந்தது. முழுப் பணமும் முன்கூட்டியே கேட்டார். மாநிலம் விட்டு மாநிலம் வரும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில், அதாவது சரக்கை எடுத்துச் செல்வதற்கான மின்னணு ஜிஎஸ்டி சீட்டு, வேண்டும். "அந்தத் தொல்லை எதுக்கு சார், ரெண்டு பில்லாப் போட்டுடறேன்" என்றார். 42,300 ரூபாய் வீதம் இரண்டு பில்கள் வந்தன. அதற்கு ஒப்புக்கொண்டது என் தவறு. இரண்டிலும் "மிட்டாய் வகைகள்" என்று மட்டுமே எழுதியிருந்தது. சாக்லேட்டின் பெயரோ பேட்ச் எண்ணோ இல்லாததை அன்று நான் பொருட்படுத்தவில்லை.

விற்கத் தொடங்கிய நான்காம் நாள், வழக்கமாக வரும் பெண் ஒருவர் பாதி பிரித்த சாக்லேட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "அண்ணா, பூஞ்சை புடிச்ச மாதிரி வெள்ளையா இருக்குதுங்க, குழந்தைக்குக் கொடுக்கலாமா?" என்று கேட்டார். அது பூஞ்சை இல்லை. கோக்கோ வெண்ணெய் ஏறத்தாழ 34 டிகிரியில் உருகிவிடும். உருகிய சாக்லேட் தானாக மீண்டும் இறுகும்போது கொழுப்பு மேற்பரப்புக்கு வந்து வெண்படலமாகப் படிகிறது. படலத்தால் உடலுக்குக் கேடில்லை என்றாலும், அந்தச் சரக்கு எங்கோ வெப்பத்தில் கிடந்திருக்கிறது என்பதை அது காட்டிக்கொடுக்கும். தொலைபேசியில் கேட்டபோது எங்கள் ஊர் வெயிலில் உருகியிருக்கும் என்றார் விநியோகஸ்தர். மார்கழிக் குளிரில், இரவோடு இரவாக ஓசூர் வழியே லாரியில் வந்து விடியற்காலையில் இறங்கிய பெட்டிகள் அவை.

அன்றிரவு கடையை அடைத்த பிறகு, ஒரு சாக்லேட்டின் பின்புறம் ஒட்டியிருந்த இறக்குமதி ஸ்டிக்கரை ஹேர் டிரையரால் மெதுவாகச் சூடாக்கி, நகத்தால் ஓரத்தைத் தூக்கி உரித்தேன். புள்ளி புள்ளியாக அச்சிட்ட பழைய தேதி வெளிப்பட்டது. செப்டம்பரிலேயே முடிந்திருந்தது. ஸ்டிக்கரில் இருந்ததோ அடுத்த ஜூன். வேறு சில உறைகளில் தேதியைத் தின்னர் போட்டுத் துடைத்திருந்தார்கள். அந்த இடம் மட்டும் பளபளப்பு போய் விரல் அகலத்துக்கு மங்கியிருந்தது. பதினெட்டுப் பெட்டிகளையும் பிரித்துப் பார்த்து முடிக்க இரவு இரண்டு மணியாயிற்று.

இறக்குமதி உணவு சுங்கத்திலிருந்து வெளிவரும்போது, அதன் ஆயுளில் 60 சதவீதமோ மூன்று மாதமோ, இரண்டில் எது குறைவோ அது மீதமிருந்தால் போதும் என்பது விதி. ஆகவே மூன்றே மாதம் மிச்சமுள்ள சரக்கும் முறைப்படியே நாட்டுக்குள் வரலாம். அப்படி மலிவாக வந்து விற்காமல் தேங்கியதைத்தான் புதுத் தேதி ஒட்டி என் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். ஸ்டிக்கரில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, 14 இலக்க உணவு உரிம எண் ஆகியவை இருக்க வேண்டும். இறக்குமதி செய்பவருக்கு மத்திய உரிமம் தேவை. எனக்கு வந்த ஸ்டிக்கரில் எண் 2-இல் தொடங்கியது. அது சிறு வணிகருக்குத் தரும் பதிவு எண். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் தேடியபோது அது யாரோ ஒருவரின் தேநீர்க் கடைக்கு உரியதாக இருந்தது. பணம் அனுப்பும் முன்பே ஸ்டிக்கரின் படத்தைக் கேட்டு வாங்கியிருந்தால், இதைக் கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் ஆகியிருக்காது.

மறுவிற்பனைக்காக வாங்கியவர் சட்டப்படி நுகர்வோர் அல்லர் என்பதால், நுகர்வோர் ஆணையத்துக்குப் போக எனக்கு வழியில்லை. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 26-ஆம் பிரிவுப்படி, விற்றவர் கொடுக்கும் பில்லே உத்தரவாதமாகக் கருதப்படும். ஆனால் "மிட்டாய் வகைகள்" என்ற பில்லை வைத்துக்கொண்டு எந்தச் சாக்லேட் அவரிடமிருந்து வந்தது என்று எப்படி நிரூபிப்பது? உணவுப் பாதுகாப்பு அலுவலர் கேட்ட முதல் கேள்வியும் அதுதான். தவறான விவரம் ஒட்டிய உணவை விற்பவருக்கு 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு, அது கடைக்காரருக்கும் பொருந்தும் என்பதையும் அவர்தான் விளக்கினார். விநியோகஸ்தர் என் எண்ணை முடக்கிவிட்டார்.

விற்றுப்போன 41 சாக்லேட்டுகளில் 29 திரும்பி வந்தன. அவற்றுக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டேன். மீதி 12 யாரிடம் போயின என்று தெரியவில்லை. டிசம்பர் கடைசி வாரத்தில் என் கடையில் வெளிநாட்டுச் சாக்லேட் வாங்கியவர்கள் உறை இல்லாவிட்டாலும் வாருங்கள், பணம் தருகிறேன். இதேபோல் இரண்டாகப் பிரித்த பில்லுடன் பெங்களூரிலிருந்து சரக்கு இறக்கியுள்ள கடைக்காரர்கள் இன்றே ஒரு ஸ்டிக்கரையாவது உரித்துப் பாருங்கள். கீழே வேறு தேதி இருந்தால் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடாமல், பில்லோடும் லாரி ரசீதோடும் ஆட்சியர் அலுவலக வளாகத்திலுள்ள உணவுப் பாதுகாப்புப் பிரிவில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். என் புகார் அங்கே ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது.